சிறைப் பத்தி

சுபோதினி நீட்டிய கட்டுரையைப் படித்த ஆசிரியர் நமசிவாயம் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய வெள்ளவத்தைப் பத்திரிகை விற்பதே அவளின் கணவன் கிஷாந்த் சிறையிலிருந்து எழுதும் பத்தியால்தான். அவளோடு வந்தவரை அவர் உட்காரச் சொல்லவும் இல்லை.

“ஒரு வாளித் தண்ணிக்குக் கைதிகள் அடிபடுகினமாம். இதை ஆர் பிள்ளை வாசிப்பினம்? ஜெயில் கார்ட்மார் உன்ர மனுசனைப் போட்டு அடிச்சதெண்டு எழுதுவம்.”

“அவரை ஒருத்தரும் அடிக்கேல்லை, சேர். பொய்யைப் போட்டால் உள்ளுக்கு இருக்கிற மற்றவங்கள்தான் அடி வாங்குவாங்கள்.”

“வாங்கட்டுமே. அடுத்த கிழமை அதை எழுதலாம். உள்ளுக்குக் கிடக்கிறவன் வந்து மறுக்கவே போறான்?”

“மறுக்கத்தான் வந்தனான்,” என்றார் கூட வந்தவர். “நான்தான் கிஷாந்த். இண்டைக்குக் காலமைதான் என்னை வெளியில விட்டவங்கள்.”

இத்தனை நாளும் அவன் எழுத்தை விற்ற நமசிவாயம், ஒருமுறைகூடச் சிறைக்குப் போய் அவனைப் பார்த்ததில்லை. இப்போது அவர் முகம் செத்த வீடு போலானது.

“அறுவாங்கள், ஏன் விட்டவங்கள்? தம்பி, பாமன்கடைப் பக்கம் என்ர அறை ஒண்டு சும்மா கிடக்கு. வெளியால பூட்டிவிடுறன், சாப்பாடும் அனுப்புறன். உள்ளுக்கே இருந்து எழுதுங்கோ.”