விக்கலுக்கு மருந்து

"விக்கல்தான் டாக்டர் பிரச்சினை" என்றாள் வெல்டா. பக்கத்தில் கணவன் வெர்ஜில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். அந்தக் கோடையில் ஆர்கன்சாஸ் முழுக்க ரேடியோவில் ஓடியது, அவனுடைய ராக்கபில்லி இசைக்குழுவின் ஒரே பாட்டுதான்.

"அட, நீங்களா! வரிக்கு வரி விக்கி விக்கிப் பாடுவீங்களே, என் பொண்ணு அதைக் கேட்டே கிறங்கிப் போயிட்டா. ஸ்டைலுன்னுல்ல நினைச்சேன்!"

"ரெக்கார்டிங் அன்னிக்கு நிஜமாவே விக்கல் புடிச்சிடுச்சு டாக்டர். அதுவே ஹிட்டாயிடுச்சு" என்றான் வெர்ஜில். "அதனால இப்ப என் குழுவே உடையற நிலைமை. கிடார்காரன் பருத்தி மில்லுக்கே திரும்பிட்டான்."

"இதுக்குப் போய் கவலைப்படலாமா? ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில போட்டு மூச்சை அடக்குங்க. விக்கல் பட்டுன்னு நின்னுடும்."

"ஐயோ, அது எப்பவோ நின்னுடுச்சு டாக்டர்!" என்று பதறினாள் வெல்டா. "நேத்து மெம்ஃபிஸ்ல இவர் விக்காம பாடினதுக்கு, 'நீ டூப்ளிகேட்டு, இறங்குடா'ன்னு கத்திட்டாங்க."

"விக்கற மாதிரி நடிச்சும் பார்த்தேன். இருமுறேன்னு நினைச்சு தண்ணி கொண்டாந்து குடுக்கறாங்க" என்றான் வெர்ஜில். "நாளைக்கும் கச்சேரி இருக்கு. விக்கல் வர்றதுக்கு ஏதாவது மருந்து குடுங்க டாக்டர்!"