டிரைவர் மேல் ஒரு புகார்

காலை எட்டேகால். ஜன்னலுக்கு வெளியே, கோதுமைக் கிடங்குக்கு மேல் வெளிச்சம் இன்னும் சாம்பல் பூத்தே கிடக்கிறது. ஊரின் மூன்று பள்ளிகளுக்கும் கல்வி அதிகாரியான ஆர்லன், பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைகிறார். கையில் மஞ்சள் பேருந்தின் சாவி. ஓட்டுநர் வேலையை விட்டுப்போனதிலிருந்து ஏழு வாரமாக இவர்தான் ஓட்டுகிறார். ஆறிப்போன காபியை எடுப்பதற்குள், எழுத்தர் டோரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியை நீட்டுகிறாள். "கெசல் அம்மா. உங்ககிட்டதான் பேசணுமாம்." எதிர்முனை வெடிக்கிறது. "இன்னைக்கும் பஸ் பத்து நிமிஷம் லேட்டு! பிள்ளை பனியில விறைச்சுப்போச்சு. அந்த டிரைவரை முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்க சார்!" ஆர்லன் நாற்காலியில் சரிகிறார். சாவி மேசைமேல் விழுந்து சிணுங்குகிறது. "எனக்கும் ஆசைதாம்மா," என்கிறார் கண்ணை மூடியபடி. "வேற ஆள் கிடைக்க மாட்டேங்குதே."