நாற்பதாவது தட்டு

"இது ஏழைங்களுக்கான இலவசச் சாப்பாட்டுக் கூடம்தானே?" என்று கேட்டார் நகராட்சி அதிகாரி.

"ஆமா சார்," என்றாள் கூடத்தை நடத்தும் பெண்.

"அப்ப வரிசையில நாலாவதா நிக்கிறவர், ரெண்டு மாசம் முன்னாடி எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினது எப்படிம்மா?"



கிழிந்த சட்டையில் நின்ற பல் டாக்டர், அதிகாரியைப் பார்த்ததும் நொண்ட ஆரம்பித்தார். எந்தக் கால் என்பதில் அவருக்கே தெளிவில்லை.

ஆக, மொட்டைக் கடுதாசி சொன்னது உண்மைதான். 'வசதியானவர்கள் வேஷம் போட்டு வந்து ஏழைகள் சோற்றைத் தின்கிறார்கள். உடனே இழுத்து மூடவும்.' அதிகாரி பூட்டைப் பையிலேயே கொண்டு வந்திருந்தார்.

"டாக்டரை விடுங்க. அந்த பேக்கரிக்காரர் அரை மணி முன்னாடி பின்வாசல்ல அரிசி மூட்டை இறக்கினாரு. என் கண்ணால பார்த்தேன். அங்க குடுத்துட்டு, முன்வாசல்ல வந்து கையேந்துறாரு. என்ன கூத்து இது?"

"அவருக்குக் கொஞ்சம் ஞாபக மறதி சார்."

"இந்தக் கிழிஞ்ச சட்டைகூட மூணாவது தடவையா வருது. ஆள்தான் மாறுது."

அவள் அவசரமாகச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார் அவளுடைய மாமனார். எலும்பும் தோலுமாக இருந்தார். கூடத்துக்குச் சமையல் அவர்தான். வரிசையின் முன்னால் நின்ற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் தொந்தியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க சார், பட்டினியில வயிறு எப்படி ஊதிப் போச்சு! இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிக்கப்பா."

மாஸ்டர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வாய் வைத்ததும் அவருக்கும் கண்ணில் நீர் வந்தது. பருப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

அதிகாரி படிவத்தை எடுத்தார்.

"நிஜமாவே பசிச்சு வந்தவங்க எத்தனை பேர்? மறைக்காம சொல்லுங்க."

"இன்னிக்குப் பதினோரு பேர் சார். அவங்களுக்குத்தான் முதல் பந்தி. வயிறார சாப்பிட்டுப் போயாச்சு. எத்தனை பேர் வந்தாலும் இல்லைன்னு சொல்றதில்ல."

'பசியாறியவர்கள்' என்ற இடத்தில் 'பதினொன்று' என்று எழுதினார். எழுதிய வேகத்தில் தாளே கிழிந்திருக்கும்.

"அப்ப இந்த ரெண்டாம் பந்தி இருபத்தொன்பது பேரும் வீட்ல அடுப்பு எரியிறவங்க. வெக்கமா இல்ல? இப்பவே பூட்டுறேன்."

அவள் தள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்த மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். "சாப்பாடு முடியட்டும் சார். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அப்புறம் பூட்டிக்கங்க."

அந்த நேரம் பார்த்துத்தானா பல் டாக்டரின் செல்போன் அலற வேண்டும்? கிளினிக்கில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்களாம். டாக்டர் கிழிந்த சட்டையைக் கழற்றி பெஞ்சில் வீசிவிட்டு, சாப்பிடாமல், நொண்டவும் மறந்து ஓடினார்.

பந்தி முடிந்தது. பெரியவர் நேராகக் கழுவும் தொட்டிக்குப் போனார். எச்சில் தட்டுகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"முப்பத்தொன்பதுதான் இருக்கு. இன்னும் ஒருத்தர் வரணும்."

அண்டாவை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சு மாமா. நீங்க சாப்பிடுங்க."

"பந்தி முடியலையேம்மா."

பேக்கரிக்காரர் தைரியமாக இன்னொரு தட்டை எடுத்தார். "நீ சாப்பிட்டாச்சுப்பா, ரெண்டாம் தடவை கணக்குல வராது," என்று பெரியவர் அதைப் பிடுங்கி வைத்தார்.

அவள் அதிகாரியை ஓரமாக அழைத்துப் போனாள்.

"முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரி கேன்டீன்ல சமைச்சவர் சார். ஷிஃப்டுக்கு நாப்பது பேர். நாப்பதாவது தட்டு தொட்டியில விழாம சமையல்காரர் சாப்பிடக் கூடாது, அது அங்க பழக்கம். ரிட்டயர் ஆகி வந்தாரு. வீட்ல மூணே தட்டு. 'மிச்சப் பேரும் வரட்டும்மா'ன்னு காத்துக்கிட்டே இருந்து ரெண்டு தடவை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு. சும்மா தட்டை நனைச்சுப் போட்டும் பார்த்தோம். மோந்து பார்த்தே கண்டுபிடிச்சுட்டாரு. அதுக்கப்புறம்தான் சார் தெருவே சேர்ந்து இந்தக் கூடத்தை ஆரம்பிச்சோம். நாப்பதுக்குக் குறையற தட்டுக்கு இவங்க வேஷம் போட்டு வராங்க."



அதிகாரி கொஞ்ச நேரம் பையிலிருந்த பூட்டையே தடவிக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சில் கிடந்த கிழிந்த சட்டையை எடுத்து, தன் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். பொத்தான் சேரவில்லை.

"ஐயா, கொஞ்சம் சாப்பாடு கிடைக்குமா? ரெண்டு நாளாச்சு."

"அடப் பாவமே!" பெரியவர் துள்ளி எழுந்தார். "சோதனை போட வந்தவருக்கே பட்டினியா? உட்காருங்க சார், உட்காருங்க."

மூன்று கரண்டி பருப்பு விழுந்தது. அதிகாரி கண்ணில் நீர் வழிய வழிய, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். நாற்பதாவது தட்டு தொட்டியில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவர்போல் பெரியவர் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். முதல் வாயிலேயே முகம் சுளித்தார்.

"உப்பு கரிக்குதேம்மா! இதை எப்படித்தான் சாப்பிட்டாங்களோ. பாவம், அவ்வளவு பசி!"

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்துகொண்டார்.

அவர் தட்டு காலியாகும்வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு படிவத்தை எடுத்து, 'பதினொன்று' என்பதை அடித்துவிட்டு, 'பன்னிரண்டு' என்று எழுதினார்.