பஞ்சமியா, சஷ்டியா

அவர் தங்க வண்ணத்தில் பிரஷ்ஷைத் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை வழித்துக்கொண்டார்.

மேசைமேல் ஒரு வயதான அம்மாளின் படம். சட்டத்துக்குக் கண்ணாடி இன்னும் போடவில்லை. படத்தின் அடியில் சாமியாத்தாள் என்று எழுதியாகிவிட்டது. தோற்றம் எழுதியாகிவிட்டது. மறைவுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.

எதிர் நாற்காலியில் அந்த அம்மாளின் மகள் கோகிலவாணி.

காலைப் பதினொரு மணி வெயில் கடைக்குள் ஒரு முழம் வந்திருந்தது.

இருபத்தாறு வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறார். ஊரில் நல்லவர் என்று பெயர் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எட்டு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். சொன்ன நாளில் வேலையைக் கொடுக்க வேண்டும். கும்பாபிஷேகக் கமிட்டியில் ஓர் ஓரமாக நிற்க வேண்டும். மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது.

கணவன் இறந்த வீடுகளுக்குப் படத்தை எடுத்துப்போய் அவரே ஆணி அடித்து மாட்டிக் கொடுப்பார். காப்பி கொடுப்பார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருப்பதைச் சொல்வார்கள். தனியாகத்தான் இருக்கிறேன் என்பார்கள்.

அப்படி நாலு பேர். ஒருத்தி தூக்கத்தில் போய்விட்டாள் என்றார்கள். ஒருத்தி மாடிப்படியில் விழுந்தாள் என்றார்கள். ஒருத்திக்கு மாரடைப்பு. சாமியாத்தாள் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் கால் தவறி விழுந்தாள் என்றார்கள்.

நாலு சாவும் அவர் கையால்.

ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

நாலு பேருக்கும் அவர்தான் படம் போட்டார். முதல் மூன்று பேரின் மகள்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்கள். அவர் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் அழுததைப் பார்க்க அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதில் நடிப்பு இல்லை.

கோகிலவாணியும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பல நாள் கழித்துத்தான் அம்மாவைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். என்றைக்குப் போனாள் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறது, அன்றைக்குத் திதி கொடுத்துக்கொள்ளலாம் என்று பவானி கூடுதுறையில் ஐயர் சொல்லிவிட்டார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவின் திதியைப் பதினோரு வருடம் ஒரு நாள் பிசகாமல் கொடுத்தவள் அம்மா. தப்பான நாளில் வைத்த பிண்டம் அம்மாவுக்குப் போய்ச் சேராது என்று இவள் நம்பினாள். அம்மா பசியோடு நிற்பாள் என்ற பயம்தான் இத்தனை நாளாக அவளைத் தூங்கவிடவில்லை.

நேற்றுத்தான் வழி கிடைத்தது. கைப்பையிலிருந்து ஒரு தினசரிக் காலண்டர் தாளை எடுத்தாள்.

"அம்மா காலைல எந்திரிச்சதும் மொதல்ல தாளத்தானுங்ணா கிழிப்பாங்க. செவ்வாக்கெழமத் தாளு அப்படியே நின்னுருச்சு. பொதங்கெழம கிழிக்க அம்மா இல்ல."

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். போலீசுக்கே தோன்றாதது.

"பதினேழுன்னு எழுதீருங்ணா."

அவர் ஒன்றை எழுதினார். நேராக, பிசிறில்லாமல் வந்தது. ஏழுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுதும்போது அவருக்கு விரலைத் தவிர எதுவும் நினைவில் இருக்காது.

அவள் தாளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மாலை 4.18 வரை பஞ்சமி, பின்பு சஷ்டி என்று போட்டிருந்தது. அவள் முகம் மறுபடி உடைந்தது. நாள் கிடைத்தும் திதி கிடைக்கவில்லை. மூச்சு நின்ற நேரம் தெரிந்தால்தான் திதி. நேரம் யாருக்குத் தெரியும்.

"பஞ்சமியா சஷ்டியா," என்றாள், தனக்குத்தானே. "அத எனக்கு யாரு சொல்லுவாங்க."

"சஷ்டிதான் அம்மிணி. வெளக்கு வெச்சு அரைமணி ஆயிருந்துச்சு."

ஏழின் வாலை முடித்துப் பிரஷ்ஷை எடுத்தார். அழகாக வந்திருந்தது.

அதன் பிறகுதான் தான் பேசியது அவர் காதில் விழுந்தது.

தெருவில் ஒரு பூக்காரி கூவிக்கொண்டு போனாள். எதிர்க்கடை மாவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ சொன்னதாகச் சொல்லலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சத்தம் கேட்டதாகச் சொல்லலாம். ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன் அம்மிணி என்று சிரிக்கலாம். எந்த வீட்டிலும் எந்தக் கேள்விக்கும் அவருக்கு வார்த்தை பஞ்சமாக இருந்ததில்லை. இப்போது பிரஷ்ஷை வழிக்காமலே கிண்ணத்துக்குள் விட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில், இந்தக் கடையில், முதல்முறையாக.

தலையை நிமிர்த்தவில்லை. காதை மட்டும் கொடுத்தார்.

அழுகை நின்றிருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு காலண்டர் தாள் மேசைமேல் ஊர்ந்து வந்து அவர் விரலருகே நின்றது.

"அந்த நேரத்தையும் இதுல எழுதிக் குடுங்ணா," என்றாள். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "உங்க கையாலயே இருக்கட்டும்."

அவள் எழுந்தாள். நாற்காலியை இழுத்துக் கடைவாசலுக்குக் குறுக்கே போட்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.