இரட்டை வேகம்

“பணம் கட்டிடாதீங்க சார். கிளவுட் கம்ப்யூட்டிங் பாடமெல்லாம் நெட்ல இலவசமாவே கிடைக்குது. முதல்ல அதைப் படிச்சுப் பாருங்க.”

ஹெட்போனில் இதைக் கேட்டதும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. அத்தோடு பதிவை நிறுத்தினாள்.

ஒரு கம்பெனியின் கட்டணப் படிப்பை போனில் விற்பதற்காகத்தான் அந்த அலுவலகத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசியதைப் பதிவில் கேட்டு மார்க் போடுவது அவள் வேலை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘காது’ என்று பெயர். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்றால், இவள் காதில் விட்டுக்கொண்டு கேட்பாள். பத்து வருஷம் இப்படிக் கேட்டதில் இடது காது கெட்டு, ஆபரேஷன் வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு நாளைக்கு எண்பது போன் கால். முழுசாகக் கேட்டால் விடிந்துவிடும். அதனால் இரட்டை வேகத்தில் ஓட விடுவாள். அந்த வேகத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கீச்சுக்குரல்தான். யாராவது ‘இலவசம்’ என்று சொன்ன இடத்தில் திரையில் சிவப்புப் புள்ளி விழும். புள்ளிக்கு ஒரு வரி முன்னாலிருந்து கேட்டால் போதும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து சிட்டுவைக் கூப்பிட்டாள். சின்ன உருவம், விடாத பேச்சு. அதனால் எல்லோருக்கும் அவள் சிட்டு.

“இது நீ பேசினதுதானே?”

“ஆமாக்கா. மூணு வாரம் இருக்கும்.”

“நீ யாருக்கு வேலை பாக்கறே? நமக்கா, இலவச கிளாஸ்காரனுக்கா?”

“ஆரம்பப் பாடம் ரெண்டுலயும் ஒண்ணுதான்க்கா. பிடிச்சிருந்தா பரீட்சைக்கு மட்டும் பணம் கட்டிக்கலாம். அவருக்கு அதுவே போதும்னு தோணுச்சு.”

“உனக்குத் தோணுறதுக்கா இங்க சம்பளம்?”

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“முழுசா கேட்டீங்களாக்கா?”

“பத்து வருஷமா கேக்கறேன். என்கிட்டயேவா?”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

வேலையை விட்டு நீக்கச் சொன்னதும் மேனேஜர் இழுத்தார். “நல்லா விக்கிற பொண்ணு. எச்சரிக்கை பண்ணி விட்டுடலாமே?”

“சோறு போடற இடத்துலயே மண்ணை அள்ளிப் போடறா சார். இன்னிக்கு விட்டா, நாளைக்கு நாற்பது பேரும் ஆரம்பிச்சிடுவாங்க.”

அவர் நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் சொன்னால் அங்கே அப்பீல் கிடையாது.

நாலு மணிக்கு சிட்டு தண்ணீர் பாட்டிலையும் ஸ்வெட்டரையும் பைக்குள் திணித்துக்கொண்டு வந்து நின்றாள். “வரேன்க்கா” என்றாள். இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து போன். நல்ல மனுஷன். ஆனால் பத்து வாக்கியம் பேசினால் அதில் பன்னிரண்டு ‘வந்து’ இருக்கும்.

“வந்து... டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டேன். அடுத்த புதன். லீவு சொல்லிடு.”

“சேர்த்து வெச்ச பணம் இருக்குல்ல?”

“வந்து... அது அப்படியே இருக்கே. அதை யாரு தொட்டா?”

“ஆபீஸ்லதானே இருக்கீங்க? அப்புறம் ஏன் இப்படி கிசுகிசுன்னு பேசறீங்க?”

“ஆமா ஆமா. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. வெச்சிடறேன்.”

அவளுக்கு மனசு லேசானது. அதே உற்சாகத்தில் சிட்டுவின் ஃபைலை எடுத்தாள். வேலையை விட்டு நீக்கினால், காரணமான போன் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை டைப் அடித்து வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. இரட்டை வேகத்தில் டைப் அடிக்க முடியாது. பதிவை ஆரம்பத்துக்கு இழுத்து, சாதாரண வேகத்தில் ஓட விட்டாள்.

“வந்து... உங்க விளம்பரம் பார்த்தேன்மா.”

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

“வந்து... எனக்கு வேலை போயிடுச்சு. வீட்ல இன்னும் சொல்லலை. தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி, லைப்ரரில உக்காந்துட்டு வரேன். இந்தப் படிப்பு படிச்சா வேலை கிடைக்கும்னு போட்டிருக்கீங்க. கையில வேற பணம் இல்லை. வந்து... என் வீட்டுக்காரிக்குக் காது ஆபரேஷனுக்குச் சேர்த்து வெச்சது இருக்கு. அதை எடுத்துக் கட்டிடலாமான்னு...”

“சார், அதைத் தொடாதீங்க” என்றது சிட்டுவின் குரல். கீச்சுக்குரல் இல்லை. நிதானமான, நல்ல குரல். “பணம் கட்டிடாதீங்க சார். கிளவுட் கம்ப்யூட்டிங் பாடமெல்லாம் நெட்ல இலவசமாவே கிடைக்குது...”

சிவப்புப் புள்ளி வந்தது, போனது. காலையில் இதற்குமேல் அவள் கேட்கவில்லை.

கடைசி வரிசையில் சிட்டுவின் நாற்காலியை யாரோ மேஜைக்குள் தள்ளி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பதிவு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“வந்து... இப்படிச் சொன்னா உனக்கு ஏதும் பிரச்சனை வராதாம்மா? பேசறதெல்லாம் பதிவாகும்னு சொன்னாங்களே?”

“பதிவாகும் சார். ஆனா எங்க ஆபீஸ்ல அதைக் கேக்கறது ஒரு அக்கா. அவங்க முழுசா கேட்டுட்டாங்கன்னா, என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”