தங்கவேலுவின் தொண்டை

"புள்ள, கம்பளி!"

வீரம்மா எழுந்து போய்க் கம்பளியைப் போர்த்திவிட்டு வந்தாள். பாயில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் அடுத்த குரல்.

"புள்ள, வேர்க்குது. எடு!"

நடுவட்டம் தேயிலை மலையின் குளிரில் வேர்க்கிறதாம். கெஸியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் குன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். படுத்துவிட்ட முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அவ்வப்போது கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் இருவர் உடம்பும் தேறுகிறதா என்று ஓர் ஆஸ்பத்திரி ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு வீடுகளைத் தேர்ந்தெடுப்பதுதான் கெஸியாவின் வேலை. தேர்ந்தெடுத்த வீட்டுக்கு மதிய வேளையில் ஒரு பெண் வந்து நோயாளியைக் கவனிப்பாள். இத்தனை நாள் கவனித்தவர் அந்த நேரம் நிம்மதியாகக் காலை நீட்டலாம்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வழி கேட்டபோதே, "கத்துற தாத்தா ஊடுங்களா?" என்றுதான் கை காட்டினார்கள்.

வாதம் வந்து தங்கவேலுவுக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. தொண்டை மட்டும் விழவில்லை. கட்டிலில் கிடந்தபடியே மனைவியை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திற. ஜன்னலைச் சாத்து. தேத்தண்ணி ஊற்று. சிலோனை விட்டு வந்து ஒரு தலைமுறை ஆகியும் அவர் வாயில் டீ நுழையவில்லை, தேத்தண்ணிதான். அடுத்த வீட்டு அங்கம்மா நிரப்பி வைத்துவிட்டுப் போன பிளாஸ்க்கிலிருந்து வீரம்மா ஊற்றிக் கொடுப்பாள். உதட்டை நனைத்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்.

வீரம்மா ஒரு தடவைகூட முகம் கோணவில்லை. அதுதான் கெஸியாவை உருக்கியது.

"ராத்திரி தூங்க முடியுதுங்களா, பாட்டி?"

வீரம்மா சிரித்தாள். "அவருக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

"உங்க உடம்பு எப்படிங்க இருக்கு?"

"அவருக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

எதைக் கேட்டாலும் பேச்சு அவரிடமே போய் நின்றது. இப்படியும் ஒரு மனுஷியா என்று கெஸியாவுக்குக் கண் கலங்கியது. இந்த அம்மாளுக்கு ஒரு பொழுதாவது ஓய்வு வாங்கிக் கொடுக்காமல் மலை இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

இரண்டு மணி நெருங்க நெருங்கப் பெரியவரின் அட்டகாசம் கூடியது. வலது கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தார்.

கெஸியா எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க, ஐயா. பாட்டி கொஞ்ச நேரம் வெயில்ல உட்காரட்டுங்க."

வீரம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனாள். "வேணாம் மகள்! கதவ..." என்று அவர் ஆரம்பித்ததைக் காதில் வாங்காமல், கதவையும் இழுத்துச் சாத்தினாள்.

இருவரும் வாசற்கல்லில் உட்கார்ந்தார்கள். உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது. தலையணையைத் தூக்கி எறிந்திருப்பார், எறியட்டும் என்று நினைத்தாள் கெஸியா.

அப்போது ஃபேக்டரி சங்கு ஊதியது. சாப்பாட்டு வேளை முடிந்தது, ஆட்கள் கொழுந்தெடுக்கத் திரும்பலாம் என்கிற இரண்டு மணிச் சங்கு.

வீரம்மா எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். வாசல் மூலையில் கிடந்த சாக்கை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். இல்லாத கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க, பாட்டி?"

"கொழுந்துக்கு நேரமாச்சு. கங்காணி வைவாரு."

அவள் வேலையிலிருந்து நின்று பல வருஷமாகிறது என்று லைனில் சொல்லியிருந்தார்கள். கெஸியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வீரம்மா பாதையில் இறங்கிவிட்டாள். பாதை நேராகக் கூடலூர் ரோட்டு வளைவில் போய் முடிகிறது. லாரி ஒன்று கியரை மாற்றிக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது.

கெஸியா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். வீரம்மா உதறினாள். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவளை யாரென்றே தெரியாத பார்வை. மறுபடி பிடித்தாள், மறுபடி உதறினாள். அந்த மெலிந்த கைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ.

சங்கு இன்னும் ஓயவில்லை. அதையும் மீறிக்கொண்டு வந்தது ஒரு குரல்.

"ஏ புள்ளே! தேத்தண்ணி!"

வீரம்மா நின்றாள். இல்லாத கூடையை இறக்கிப் பாதையோரம் வைத்தாள்.

"இந்த மனுசனுக்கு நேரங்காலமே கெடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கெஸியா பின்னாலேயே போனாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தச் சந்தில் தங்கவேலுவின் தலை தெரிந்தது. கட்டிலிலிருந்து விழுந்து, வராத பாதி உடம்பை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு நிலைப்படி வரை வந்திருந்தார். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

வீரம்மா அவரைத் தாண்டிப் போய், எதுவுமே நடக்காதது போலப் பிளாஸ்க்கைத் திறந்தாள்.

கெஸியா அவரைத் தாங்கித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். லைன் முழுக்கக் கொடுமைக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டு, ஓயாமல் ஏவி ஏவியே மனைவியை வீட்டுக்குள் நிறுத்தி, அவளுக்கு நினைவு தப்பியதை ஒரு ஆளுக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்திருக்கிறார். என்ன மனுஷன்!

"செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் ஒரு அம்மா வருவாங்க, ஐயா. பாட்டியப் பார்த்துக்குவாங்க. நீங்க அந்த நேரம் தூங்கலாங்க."

தங்கவேலு, வீரம்மா நீட்டிய தேத்தண்ணியை முதல் தடவையாக முழுசாகக் குடித்தார். அப்புறம் தணிந்த குரலில், மனைவியின் காதில் விழாதபடி சொன்னார்:

"வரட்டும் மகள். வர்ற அம்மாவுக்குத் தொண்டை மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கணும்."