ஒற்றைப் புடவை

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாசிலாமணியின் வாஷிங் மெஷின், வெள்ளிக்கிழமைதோறும் துவைத்து முடித்துப் பிழியத் தொடங்கியதும் குளியலறையை விட்டுக் கிளம்பிவிடும். கூடத்தைக் கடந்து வாசல் கதவில் முட்டி நிற்கும். ஒரு தடவை தாழ்ப்பாளை நீக்கி இரண்டு படி இறங்கியும்விட்டது. இன்னொரு முறை மேலே அதிர்ந்தால் காலி செய்துவிடுங்கள் என்று கீழே குடியிருந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மனைவி தையல்நாயகி வாழ்ந்துபோன வீட்டை விட்டு மாசிலாமணி எங்கே போவார்?

மெக்கானிக் செல்வின் வந்து மெஷினைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரே ஒரு புடவை.

"ஒத்தத் துணி போட்டா ஒரு பக்கமா சுருண்டு இப்படித்தான் ஆடும், ஐயா. கூட உங்க வேட்டி ரெண்டப் போடுங்க, அசையாது."

"அவ புடவையோட யார் துணியும் நனையக்கூடாது, தம்பி. திட்டுவா."

"கூப்பிடுங்க, நான் சொல்றேன்."

"நாப்பது வருஷம் நான் சொல்லியே கேக்கல. நீ சொல்லியா கேக்கப்போறா?"

சுவரில் மாலையோடு இருந்த படத்தை அப்போதுதான் பார்த்த செல்வின், ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, படத்தின் பக்கம் திரும்பாமல், மாசிலாமணி தன் வேட்டிகளையும் உள்ளே திணித்துப் பொத்தானை அழுத்தினார். மெஷின் நின்ற இடத்திலேயே நின்று சுற்றியது. மேலே வைத்திருந்த தம்ளரில் தண்ணீர்கூட அலையவில்லை. திறந்தபோது வேட்டிகளும் புடவையும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக வந்தன. பிரிக்க மனம் வராமல், ஈரத்தோடு மடியில் போட்டுக்கொண்டு நாலு மணிவரை உட்கார்ந்திருந்தார்.

அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை.